பூச்சியம் ஒன்றுக்கு எவ்வளவு

உட்துறைமுக வீதியில் என் கடை.
எழுத்துக்கு ஐம்பது ரூபாய்,
மெய்க்குப் புள்ளி இலவசம்.
சிங்களம் என்றாலும் தமிழ் என்றாலும் ஒரே விலை.
இங்கிலீசுக்குக் கொஞ்சம் குறைப்பேன்,
அதில் வளைவு குறைவு.

திங்கட்கிழமை திணைக்களத்து ஆள் வந்தார்.
குச்சவெளிக்கு அங்கால் ஒரு மேட்டுக்குப் பலகை,
தட்டச்சடித்த தாளில் மூன்று மொழி.
தமிழ் வரியில்
தொல்பொருள் என்றிருக்க வேண்டிய இடத்தில்
தோல்பொருள் என்று கிடந்தது.
ஐயா, கொம்பு பிழை,
இது செருப்புக் கடைப் பலகையாகிவிடும் என்றேன்.
அவர் தாளை விரலால் தட்டினார்:
கொழும்பில் கையெழுத்தாகி வந்தது,
கொம்பை முறிக்க எனக்கு அதிகாரம் இல்லை.
நல்ல மனிதர். தேநீர் வாங்கித் தந்தார்.
இரட்டைக் கொம்பைச் சுழித்தே எழுதினேன்.

புதன்கிழமை கோயில் சபைச் செயலாளர் அருமைத்துரை.
அதே மேடு.
'500 வருடப் பழமை' என்றிருந்த பலகையை
மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.
ஒரு பூச்சியம் சேர்க்க எவ்வளவு?
பூச்சியமும் எழுத்துத்தான், ஐம்பது.
ஐம்பது ரூபாய்க்கு நாலாயிரத்து ஐந்நூறு வருடம்.
இந்த வீதியில் இதைவிட மலிவாக
மீன் தலைகூட விற்றதில்லை.
போகும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்,
போன மாதம் கொத்திய நந்திக்குப்
புளியும் சாணியும் பூசினால்
எத்தனை நாளில் கறுக்கும் என்று.
வெயிலில் வையுங்கோ என்றேன்.

புதுத் தகரம் கட்டுப்படியாகாது.
திணைக்களத்துக்குக் கொடுத்த தகட்டை முதலில் சுரண்டினேன்.
மேலே உர விளம்பரம்,
அதன் அடியில் சிவப்பு மண்டையோடு, கவனம் மிதிவெடி,
அதற்கும் அடியில் கூட்டுறவுச் சங்கம்,
அரிசி நாளை வரும்.
அங்கேயே நிறுத்திவிட்டேன்.
எந்த அடுக்கில் நிறுத்துவது என்று
சுரண்டுகிறவன்தான் தீர்மானிக்கிறான்.
கைவலியும் ஒரு காரணம்.

பலகை நட வான்காரனோடு நானும் போனேன்.
மேடு தன்பாட்டில் கிடந்தது.
உடைந்த தூண் ஒன்று, கொஞ்சம் செங்கல்,
சுற்றிவரக் கச்சான் பச்சை.
ஒரு செங்கல்லில் நாயின் காலடி இருந்தது.
ஈரமாய் இருந்தபோது மிதித்துவிட்டு ஓடியிருக்கிறது.
எந்த மொழியில் அதை விரட்டினார்களோ.

காணிக்காரி யோகமலர்
என் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தா.
தோல்பொருள் ஒதுக்குப் பிரதேசம்.
"சரியாத்தான் எழுதியிருக்கிறியள்,
எங்கட தோல் இதில நிறையக் கிடக்கு"
என்று குதிக்காலைத் தூக்கிக் காட்டினா.
வெடிப்புக்குள் செம்மண்.
காணி உறுதி
முகாமில் இருந்த வருடங்களில் கறையானுக்குப் போனது.
ஆயிரம் வருடத்துச் செங்கல்லுக்கு வந்து சாட்சி சொல்ல
ஆட்கள் இருக்கிறார்கள்,
எண்பத்தொன்பதில் போட்ட இவ வேலிக்கு ஒருவரும் இல்லை.
பக்கத்து வயல் சாலிதீன்
தன் வரம்பில் அடித்த வெள்ளை முளைகளை
எண்ணிக்கொண்டு நின்றான்.
அவன் மாடு ஒரு முளையில் கழுத்தைச் சொறிந்தது.

யோகமலர் இருநூறு ரூபாயை மடித்து நீட்டினா.
எனக்கும் ஒரு பலகை.
இருநூறுக்கு நாலெழுத்துத்தான் வரும் என்றேன்.
யோசிக்கவே இல்லை: கச்சான்.
விரல்விட்டு எண்ணினேன், சரியாக நாலு.
பெட்டி மூடி ஒன்றில் எழுதி
வேலியோரம் ஊன்றிவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனபோது
மேட்டைச் சுற்றிக் கம்பி.
கம்பிக்கு வெளியே நந்தி, நன்றாகக் கறுத்திருந்தது.
உள்ளே
கச்சான் பலகையின் கழுத்தில்
நூல் கட்டி ஒரு எண் தொங்கியது,
நாற்பத்தேழு.
எழுத்துச் சரியில்லை.
என் கை இல்லை அது.