முப்பத்தொன்றாம் எண்

மக்கிலிங் மலையடியில் மாமரங்களுக்கு
முசுறுதான் காவல்.
இலையைப் புரட்டினால் கழுத்துக்குள் இறங்கிவிடும்.
ஆறு காலில் ஓடுவதெல்லாம் எறும்பு.
எட்டுக் காலில், முன்னிரண்டைத் தூக்கி
உணர்கொம்புபோல் ஆட்டிக்கொண்டு ஓடுவது
என் சம்பளம்.

குழாயில் பிடித்து, பஞ்சடைத்து, எண் எழுதி
பையில் போட்டுக்கொள்வேன்.
சிலந்திக்கு எறும்பு வேஷம்.
பல்லி ஏமாறும், குளவி ஏமாறும்,
வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வாரம்
நானும் ஏமாந்தேன்.

பெண் கச்சிதம்.
இடை சிறுத்து, செம்மை மினுங்க,
முசுறே பார்த்து வெட்கப்படும்.
ஆணும் கடைசிச் சட்டை உரிக்கும்வரை அப்படித்தான்.
ஓர் இரவு பட்டுக்கூட்டுக்குள் போகிறான்.
விடிந்தால்
முகத்துக்கு முன்னால் இன்னொரு முகம் நீளத்துக்கு
இரண்டு தாடைகள்.
நுண்ணோக்கியில் அளந்தேன். இரண்டு முறை அளந்தேன்.

கட்டிக்காத்த வேஷம் ஒரே ராத்திரியில்
கெட்டது என்றுதானே நினைப்போம்?
கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்:
எறும்பொன்று இன்னோர் எறும்பை
வாயில் கவ்வித் தூக்கிப் போகிறது.
தாடை நுனியில்
செத்த எறும்பின் கண்போல் ஒரு கரும்புள்ளிகூட.
பொய்க்கு முட்டுக்கொடுத்த பொய்.

விலை இல்லாமலா?
வாய் நிறைந்த எறும்பால் கடிக்க முடியாது.
அதைத் தெரிந்துவைத்திருக்கும் வேட்டைக்காரச் சிலந்திகள்
இதே கிளைகளில் உண்டு.
சும்மா போகும் எறும்பைக் கண்டால் ஒதுங்கும்;
சுமையோடு போனால்
பின்னாலேயே வரும்.
அவன் தூக்கிப்போவது சுமை அல்ல, அவனேதான் என்று
அவற்றுக்கு யார் சொல்வது.

சாப்பாடும் சங்கடம்.
பல்லில் விஷமில்லை.
குச்சியில் செருகிய மீனுருண்டைபோல
ஈயைக் குத்தி வைத்துக்கொண்டு
எந்தப் பக்கம் தின்பதென்று திணறுவான்.

செவ்வாய்க்கிழமை
முப்பத்தொன்றையும் பதினேழையும் ஒரே இலையில் விட்டோம்.
தாடைகளை அகல விரித்தார்கள்,
கத்தரிக்கோலுக்கு எதிரே கத்தரிக்கோல்.
நெற்றி முட்டத் தள்ளினார்கள்.
நாற்பத்திரண்டு நொடி.
பதினேழு திரும்பி ஓடினான்.
அவ்வளவு நேரமும் அவள்
கால் துடைத்துக்கொண்டிருந்தாள்.
‘பெண்: கவனிக்கவில்லை’ என்று எழுதினேன்.
பேராசிரியர் அதை அடித்துவிட்டு
‘தெளிவில்லை’ என்று திருத்தினார்.

சனிக்கிழமை ரொடெலியோ வந்தான்.
ஜெட்டாவில் ஆறு வருஷம், கிரேன் ஓட்டுநர்.
ஜீப்னி கூரையில் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி
அவன் மார்பளவு.
தெரு முழுக்கப் பெட்டியைப் பார்த்தது.
துண்டுகள், சாக்லேட், டப்பா இறைச்சி,
அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி,
எனக்கு வாசனைத் தைலம், இரண்டு,
எது பிடிக்குமென்று தெரியாததால்.
எங்கே வாங்கினான், என்ன விலை,
அதைத் தாண்டி அவனுக்குப் பேச்சில்லை.
தட்டில் கை வைத்தான். கைபேசி அடித்தது:
ஒன்றுவிட்ட தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம்.
மறுபடி வைத்தான். மறுபடி அடித்தது:
யாரோ ஓர் அத்தைக்குத் தகரக் கூரை.
சோறு ஆறியது.

போவதற்கு முன் இவன் முகம் எப்படி இருந்தது என்று
நினைவுபடுத்திப் பார்த்தேன்.
பெட்டி மறைத்தது.

“நாளைக்கு மாமரத்துக்கு வா.
ஒன்றும் கொண்டுவராதே.”

வந்தான்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பையில் விட்டான், எடுத்தான், கட்டிக்கொண்டான்.
அளந்து முடித்தவர்களைப்
பிடித்த மரத்திலேயே விடுவது வழக்கம்.
முப்பத்தொன்றின் பஞ்சை உருவினேன்.
ஏறினான்.
இறக்கிவைக்க வழியில்லாதவனின் நடை.
முசுறு வரிசை ஒதுங்கி வழிவிட்டது.
மேலே இலைமறைவில் வேறு யார் பார்த்திருந்தார்களோ.

“எறும்புதானே? எதையோ தூக்கிக்கிட்டுப் போகுது”
என்றான் ரொடெலியோ.
நான் வாய் திறப்பதற்குள்
அவன் கழுத்துப்பட்டிக்குள் ஒரு முசுறு இறங்கியது.
இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு,
கெட்ட வார்த்தை சொல்லி, அதற்கு மன்னிப்புக் கேட்டு,
சிரித்து, மறுபடி அலறி
மரத்தைச் சுற்றிக் குதித்தான்.

குறிப்பேட்டில் எழுதவில்லை.
ஆனால் கவனித்தேன்.