பன்னிரண்டு டிகிரி

பகாவ் டவுனில் சிவப்பு விழுந்தால்
என் காடியும் விழுந்துவிடும்.
ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது.
நின்றால்தான் சாவு.
நடுங்கும், ஒரு தும்மல் போடும்,
அப்புறம் அந்த அமைதி.
பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் ஹாரன்.

எழுபத்தெட்டாம் வருஷத்து டட்சன்.
உள்ளே எதுவும் எழுபத்தெட்டு இல்லை.
கேம் வேறு. ஒன்று இருந்த இடத்தில் கார்புரேட்டர் இரண்டு.
ஆலையின் எடைப்பாலத்தில்
ஆறு வருஷம் இரவு ஷிப்ட் பார்த்த வெள்ளியெல்லாம்
இந்தப் பானெட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது.
நகையாக வாங்கியிருக்கலாம் என்பாள் அக்கா.
நகை ஏழாயிரம் சுற்றுமா?

டைமிங் என்றான் பட்டறைக் குணாளன்.
டயர் கடை ஆ ஹெங்கும் அதையே சொன்னான்,
பார்க்காமலே.
நானும் நம்பினேன்.
டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை இளக்கி
நகக்கண் அளவு திருப்பினால் ஐடல் ஏறும்.
ஏறியது.
மறு வாரம் இறங்கும், மறுபடி திருப்புவேன்.
பன்னிரண்டில் தொடங்கியது
இருபத்திரண்டில் வந்து நின்றது.

பிஸ்டன் உச்சி தொடுமுன்பே பொறி விழ வேண்டும்,
தெரியும்.
விருந்தாளி படியேறும்போது
உலை கொதித்துக்கொண்டிருக்க வேண்டும்.
அவர் சிரம்பானில் பஸ் ஏறுமுன்பே
அரிசி போட்டுவிட்டால்?
கோலப்பிலா போகும் ஏற்றத்தில்
பால்மாவு டின்னில் கோலிக்குண்டு குலுக்கிய மாதிரி
எஞ்சின் கத்தியது.
ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஞாயிறு இரவு
பக்கத்து வீட்டு ஷாருல் டைமிங் லைட்டைப் பிடித்தான்.
வேக்குவம் குழாயைக் கழற்றி
வாயில் ஒரு திருகாணி செருகினேன்.
புல்லியின் வெட்டுக்கு என் நகப்பூச்சு, ரோஸ் நிறம்.
நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றும் புல்லி
ஒளி விழும் கணத்தில் மட்டும் தன்னைக் காட்டி
நிற்கிறேன் என்று பொய் சொல்லும்.
கோடு ஆடினால்
உள்ளே ஸ்பிரிங் தளர்ந்தது எனலாம்.
ஆடவில்லை.
நான் வைத்த இடத்தில்
சொன்ன சொல் மாறாமல்
தப்பாக நின்றது.

பன்னிரண்டுக்குத் திருப்பினேன்.
உடனே சாகப் பார்த்தது.
ஷாருல் ஒரு விரலால் திராட்டிலைத் தாங்கி
உயிரைப் பிடித்துவைத்தான்.
மறு கையால், கொசு பிய்க்கிறதென்று
கொசுவத்தியை எடுத்து ஃபெண்டர் மேல் வைத்தான்.
பெட்ரோல் பக்கத்தில் நெருப்பா,
திட்ட வாயெடுத்தேன்.

ரேடியேட்டர் காற்றாடி நின்றிருந்த நேரம்.
புகை நேராக எழுந்தது,
பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி வளைந்தது,
மூன்றாம் சிலிண்டர் ஓரத்தில்
நூலாக மெலிந்து
மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில்
உள்ளே போனது.
வெளியே வரவில்லை.

இரண்டு பேரும் பேசவில்லை.

அந்த கேஸ்கட்டைக் கடையில் வாங்கவில்லை.
தீபாவளிக்கு முந்தின இரவு கடை மூடியிருந்தது,
மைலோ பெட்டி அட்டையில் நானே வெட்டினேன்,
பிறகு மாற்றலாம் என்று.
கழற்றியபோது ஓரத்தில் இன்னும் பச்சை.
அந்தக் கீறல் வழியாக இரண்டு மாதம்
திருட்டுக் காற்று குடித்திருக்கிறது என் எஞ்சின்.
நான் நெருப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.
குணாளனை எத்தனை பேரிடம் திட்டினேன்
என்று எண்ணிப் பார்த்தேன்.
நாலு.
ஆ ஹெங்கைச் சேர்த்தால் ஐந்து.

புது கேஸ்கட் பதினெட்டு வெள்ளி.
நடு போல்ட்டிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.
ரப்பர் குழாயைக் காதில் வைத்து
இரண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி சீறும்வரை
திருகு, கேள், திருகு.

வியாழன் விடியல், ஷிப்ட் முடிந்து வருகிறேன்.
சிவப்பு.
தொள்ளாயிரத்து ஐம்பது.
அந்தக் கேமுக்கு அது கொஞ்சம் நொண்டும்,
நொண்டட்டும்.
கண்ணாடி லேசாக அதிர்கிறது,
பொட்டலத்து கோப்பி ஒரு சொட்டும் சிந்தவில்லை.
பச்சை விழுந்ததை
எஞ்சின் சத்தத்தில் நான் பார்க்கவில்லை.

பின்னால் லோரிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை.
வழக்கம்போல் கையுறையை மாட்டிக்கொண்டு
இறங்கி வருகிறார்,
தள்ளிவிட.