செந்தொடை

வியாழக்கிழமை ஒரே ஒரு செட்.
ஒன்றுதான், ஆனால் இருபது.
பத்து முறைதான் முடியும் என்கிற எடையை
இருபது முறை
என்பது அந்த நிலவறையின் சட்டம்.

யெரெவான், நோர் நோர்க், ஜனவரி.
ஒரு காலத்தில் குண்டுக்குப் பயந்து ஒளிய வெட்டிய அறை;
கதவு இன்னும் ஒரு சாண் தடிமன்.
உள்ளே துரு, ரப்பர், சுண்ணத்தூள், நேற்றைய சாக்ஸ்.
கம்பி கிடக்கும் தாங்கியைப்
பழைய டிராலிபஸ் சட்டத்திலிருந்து பற்றவைத்தவன்
ஸெய்ரான்தான்.
பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்க்கிறான்.

நூற்று முப்பது கிலோ.
தோளில் வாங்கி இரண்டு எட்டு பின்வாங்குகிறான்.
இடுப்பின் மடிப்பு முழங்காலுக்குக் கீழே போகவேண்டும்.
போகாததை ஷோகிக் எண்ணமாட்டாள்.
மருந்துக்கடையில் நாளெல்லாம் சில்லறை எண்ணுகிறவள்,
அவளிடம் கடன் சொல்ல முடியாது.

ஏழு வரை பேச்சு இருந்தது.
பதினொன்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் மூன்று மூச்சு.
பதினான்கில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது.
பதினாறை அவள் "பதினைந்து" என்றாள்.
ஆழம் போதவில்லையாம்.
திட்டக்கூட அவனிடம் காற்றில்லை.

லிஃப்டுக்கு எதிர்எடை உண்டு.
பெட்டி மேலே போகையில் அது கீழே இறங்கும்;
மோட்டார் சுமப்பது மிச்சத்தை மட்டும்.
உடம்பில் யாரும் அதை மாட்டவில்லை.
எல்லாமே மிச்சம்.

இருபது.

கம்பி விழுந்த சத்தத்தில்
தேநீர்க் கெண்டியின் மூடி குதித்தது.
மல்லாந்து கிடந்தான்.
எதுகை மோனை எதுவும் ஒட்டாத அடிகளைச்
செந்தொடை என்பார்கள் நம் இலக்கணத்தில்.
அவனுடையதும் அதுதான்:
சிவந்து,
இடது வலதோடு ஒத்துப்போகாமல்
தனித்தனியே துடித்துக்கொண்டு.

அப்போதுதான் கைபேசி.

எதிர்க் கட்டிடம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே
பெட்டி நின்றுவிட்டது.
உள்ளே ஒரு பெண், ஒரு நாய், ஆறு தட்டு முட்டை.
இயந்திர அறை மொட்டைமாடியில்.

முதல் மாடியை மனிதனைப் போல ஏறினான்.
மூன்றாவதில் கைப்பிடியைப் பிடித்து.
ஐந்தாவதில் திரும்பி உட்கார்ந்து,
பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக,
தன்னைத் தானே கையால் தூக்கி வைத்து.
சறுக்குப் பலகையோடு இறங்கிவந்த சிறுமி
ஒதுங்கி நின்றாள்.
"குடித்திருக்கிறீர்களா?"
"இல்லை. இன்று கால் நாள்."
இன்னும் கொஞ்சம் ஒதுங்கினாள்.

மேலே, பிரேக்கை நெகிழ்த்தியதும்
முக்கால் காலிப் பெட்டி
தானாகவே மிதந்து எழுந்தது.
யாரும் தூக்கவில்லை.
அவன் அந்தச் சக்கரத்தைக்
கொஞ்சம் பொறாமையோடு பார்த்தான்.

கதவு திறந்தது. நாய் முதலில்.
திக்ரானுஹி அவன் கால்களைப் பார்த்தாள்.
கால்சட்டைத் துணியே நடுங்கிக்கொண்டிருந்தது.
தொடைநடுங்கி என்றால் கோழை என்று
நம் மொழியில் சொல்லிவைத்தவர்
இருபதை எண்ணியிருக்க மாட்டார்;
அவளுக்கு நம் மொழி தெரியாது,
ஆனாலும் அதையேதான் நினைத்தாள்.
"எனக்காகவா இப்படிப் பயந்துபோனாய்?
உன் வலியை நான் வாங்கிக்கொள்கிறேன், மகனே."
அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது.
கொடுத்துவிட அவன் தயாராகத்தான் இருந்தான்.

ஒரு தட்டு முட்டையைக் கையில் திணித்தாள்.

சரிசெய்த லிஃப்டிலேயே இறங்கினான்,
முப்பது முட்டையை மார்போடு அணைத்து,
ஒன்பதிலிருந்து தரைவரை
எடையே இல்லாதவனாக.

வாசலில் மூன்று படி இருப்பது
அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.