காலித் தட்டின் எடை

வேதாளைக் கம்பெனியில் காலை ஆறு மணிக்கு
அறுபது பெண்கள் குளோரின் தண்ணீரில் கை முக்கி
நண்டு உடைக்க உட்காருவார்கள்.
நான் தராசுக்குப் பின்னால்.
எவர்சில்வர் தட்டின் எடை முந்நூற்றிருபது கிராம்.
கழிக்கச் சொன்னது முந்நூற்றறுபது.
"ஈரம் வடியும்ல தம்பி" என்றார் நம்புராஜன் சார்,
நான் சேர்ந்த முதல் நாள்.
வடியும்தான் சார் என்றேன்.
அப்போது எனக்கு வேலை வேண்டியிருந்தது.

மாசியில் நன்னடத்தை வகுப்பு.
மதுரையிலிருந்து வந்த பெண் திரையில் படம் காட்டினாள்.
ஏழாவது விதியில் கரண்ட் போனது.
மீதி ஏழையும் செல்போன் வெளிச்சத்தில் வாசித்தாள்:
அன்பளிப்பு வாங்கக் கூடாது,
பொய்க்கணக்கு எழுதக் கூடாது,
தவறு கண்டால் தெரிவிக்க வேண்டும்,
தெரிவித்தவரைப் பழிவாங்க மாட்டோம்.
எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள்.
நண்டு ஓடு தேய்த்துத் தேய்த்து வழுவழுத்த விரல்கள்.
ரேகை விழவில்லை,
மை மட்டும் விழுந்தது, வட்ட வட்டமாய்.
புகார்ப் பெட்டியைக் கேமராவுக்கு நேர் கீழே மாட்டினார்கள்.
அதன் சாவி நம்புராஜன் சாரிடம்,
வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில்.

போன வியாழக்கிழமை சவேரியம்மா
மடியிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்தாள்.
கடையில் வாங்கியது, பிரிக்காதது.
தட்டில் போட்டுத் தட்டைத் தராசில் ஏற்றினாள்.
தொள்ளாயிரத்தறுபது.
ஐஸ் மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.
"ஏப்பா, பிரிக்கிறதுக்கு முன்னாலயே உருகுதே இந்த உப்பு."
சகர்பானு சிரித்துவிட்டுக் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
"அடுத்த ஆள்" என்றேன்.
என் வாயிலிருந்துதான் வந்தது.

ராத்திரி கச்சான் காற்றில் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.
கணக்குப் போட்டேன்.
தட்டுக்கு நாற்பது, ஆளுக்கு எட்டுத் தட்டு.
ஒருத்தியிடம் ஒரு நாளைக்கு நாங்கள் எடுப்பது
சரியாக ஒரு காலித் தட்டின் எடை.
அறுபது பேருக்குப் பத்தொன்பது கிலோ சொச்சம்.
யார் கணக்கில் ஏறித் தூத்துக்குடிக்குப் போகிறதோ.

தலைமை அலுவலகப் படிவம் செல்போனிலேயே இருந்தது.
என்ன நடந்தது? எழுதினேன்.
யார் செய்தது? எழுதினேன்.
எப்போதிலிருந்து? போன ஆடி.
உங்களுக்கு எப்படித் தெரியும்?

விளக்கை அணைத்தேன். திரும்பப் போட்டேன்.
குடத்தில் ஒரு செம்பு மொண்டு குடித்தேன்,
எங்கள் தெருத் தண்ணீர், நாக்கில் உவர்ப்பு நின்றது.
"பொத்தானை அழுத்தியது நான்."
பிறகு மேலே போய்,
யார் செய்தது என்ற கட்டத்தில்
ஒரு கமா போட்டு என் பெயரைச் சேர்த்தேன்:
கார்மேகம், எடைக் குறிப்பாளர்.
புகார் செய்பவர் பெயர் கட்டாயமில்லை
என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

பதினோரு இலக்கத்தில் ஓர் எண் வந்தது.
வேறெதுவும் வரவில்லை.

இன்று காலை நம்புராஜன் சார் டீ வாங்கித் தந்தார்.
இத்தனை மாதத்தில் முதல் தடவை.
"சீனி போதுமா?" என்றார்.
போதும் என்றேன்.
மறுபடியும் கேட்டார்.

வரிசை நிற்கிறது, முன்னால் சவேரியம்மா.
காலித் தட்டை மட்டும் தராசில் வைக்கிறேன்.
முந்நூற்றிருபது என்று சிவப்பில் துடிக்கிறது.
பொத்தான் மேல் விரல்.
மாடிப்படியில் அவருடைய பூட்ஸ்,
ஒவ்வொரு படியாக.