ஆணி ரயர்

கொய்யாத்தோட்டத்துக் கராஜில்
ஐம்பத்திரண்டாம் ஆண்டு ஒஸ்ரினின் கூரையை
அறுத்துக் கழற்றினான் மரியநேசன்.
பின்சீற்று போனது. கதவுகள் போயின.
போன இடத்தில் மீன்பெட்டித் தகரம்.
ரயருக்கு நூற்றிருபது ஆணி,
தலை உள்ளே, கூர் வெளியே.

ஒஸ்லோ மச்சான் அனுப்பிய படத்தில்
உறைந்த ஏரிமேல் கார்கள்
நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடின.

குருநகர் ஐஸ் கொம்பனியில்
ஒரு கட்டி வாங்கி
முன்சில்லின் கீழ் வைத்தோம்.
ஆணி கடித்தது.
மிச்சத்தைச் சர்பத்தில் போட்டுக் குடித்தோம்.

பங்குனியில்
கல்லுண்டாய் வெளி உப்புப் பூத்த விடியலில்
தள்ளி ஸ்ரார்ட் செய்தோம்.
மண்ணெண்ணெய்ப் புகை.
முதல் வளைவிலேயே பொருக்கு உடைந்து
கீழே சேறு.
வண்டி ஒருமுறை முழுதாய்ச் சுழன்று
வந்த திசையைப் பார்த்து நின்றது.
பூநாரைகள் எழும்பி
கொஞ்சம் தள்ளி இறங்கின.

"பனியிலயும் இப்பிடித்தானாம்.
இழுக்கிற பக்கத்துக்கே ஸ்ரியறிங்கை ஒடிக்கோணும்."
அவன் இறங்கவில்லை.
பதினொரு தரம் சுழன்றான்.
பன்னிரண்டாவதில் நண்டு வந்தது.

காக்கைதீவில் பொலிஸ் மறித்தது.
"ஆணி எதுக்கு?"
"வழுக்காமல் இருக்க, சேர்."
பத்து மணி வெயில்.
சில்லுக்கடியில் தார்
இளகிக்கொண்டிருந்தது.