எங்கள் தெரிவு

வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னார் நூலகர்.
ஆளுக்கொரு அட்டை, தபாலட்டை அளவு.
பிடித்த புத்தகம், படம், டிவி நாடகம், பாட்டு,
எதுவென்றாலும் பரவாயில்லை,
பெயர் போடவேண்டும், ஒரு வரி காரணம்.
வாசலுக்கு எதிரே, குடைகள் சொட்டுகிற இடத்துக்கு மேல்
பலகை தொங்கியது.
தலைப்பை மூன்று மொழியிலும் வெட்டி ஒட்டியது நான்.
மழை ஈரத்தில் ஒரு எழுத்து விழுந்து
'எங்கள் தெரி' என்றே இருந்தது இரண்டு நாள்.
கொட்டாஞ்சேனையில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

லக்மாலி ஒரு பைலா கசெட்டை எழுதினாள்.
"கேட்க எங்களிட்ட மெஷின் இல்லையே" என்றேன்.
"அதனால என்ன, ஆக்கள் தேடட்டும்" என்றாள்
சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

மஃறூப் நானா எழுதியது ஒரு படம்.
மருதானையில், இடைவேளையோடு கரண்ட் போய்
பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தார்களாம்.
மீதியை இன்றுவரை பார்க்கவில்லை.
காரணம் என்ற இடத்தில்:
'முதல் பாதி மிக நன்று.'

காவலாளி சில்வெஸ்டர் அட்டையைத் திருப்பித் தந்தார்.
நடுராத்திரி ரேடியோவில் போகிற பாட்டுக்கு
யாரும் பெயர் சொல்வதில்லையாம்.
வற்புறுத்தியதும் நேரத்தை மட்டும் எழுதினார்: 2.40.

என் முறை.
பேனையைத் திறந்ததும் கை தானாகவே நினைத்தது
ஏழரை மணி நாடகத்தை,
வாயும் குரலும் பொருந்தாத மருமகள்களை,
சோற்றுக் கோப்பையோடு இருந்து
முந்நூறு நாள் நான் அழுத அழுகையை.
பதினொரு வருஷம் கவுண்டரில் இருக்கிறவள்
அதையா எழுதுவது?
எழும்பிப் போய், இலக்கிய அலுமாரியின் மேல்தட்டில்
சாம்பல் அட்டை போட்ட தடித்த ஒன்றை இறக்கினேன்.
கடைசி முத்திரை ஏழு வருஷம் பழசு.
'மனித மனத்தின் ஆழங்கள்' என்று காரணம் எழுதி
ச. கிருபாலினி என்று ஒப்பமும் வைத்தேன்.

மூன்றாம் நாள் அது போய்விட்டது.
எடுத்தவர் ஜம்பட்டா வீதி தேவசகாயம் ஐயா,
மின்மீற்றர் வாசித்து ஓய்வுபெற்றவர்.
பத்திரிகை பார்க்க மட்டும் வருகிறவர்.

பதினான்காம் நாள் கொண்டுவந்தார்,
பொலித்தீன் பையில், ஒரு துளி படாமல்.
வைத்துவிட்டுக் குனிந்து கேட்டார்:
"மிஸ், கடைசியில அந்த மாமி
ஏன் கதவைத் திறக்கேல்ல?
வெளியில மருமகள் நிக்கிறது தெரியும்தானே?"

என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது.
"அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றேன்.
அவர் தலையாட்டினார்.
நானும் ஆட்டினேன்.
இரண்டு பேரும் வாசித்தவர்கள்போல
கொஞ்சநேரம் அப்படியே நின்றோம்.

அன்றைக்கே என் பெயரில் பதிந்து எடுத்தேன்.
வெள்ளவத்தை வரை பஸ்ஸில்
ஒரு கையில் கம்பி, மறு கையில் பக்கம்,
ஒன்பது நாள்.
ஒரு தீவில், வெளிச்சவீட்டு விளக்குக்கு
எண்ணெய் ஊற்றுகிறவனின் கதை.
மாமி இல்லை. மருமகள் இல்லை.
கதவுகூட இல்லை, ஒரு சாக்குத் திரைதான்.
நல்ல கதை. உண்மையாகவே நல்ல கதை.
எண்ணெய் தீர்கிற இடத்தில்
இறங்கவேண்டிய ஹோல்டை விட்டு
தெஹிவளைப் பாலம் வரை போய்விட்டேன்.

நடந்து திரும்புகையில்தான் ஞாபகம் வந்தது அந்தக் கதவு.
நீல நிறம், பித்தளைத் தாழ்ப்பாள்.
போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை.
விளம்பரத்துக்குச் சற்று முன்.

அடுத்த மாத அட்டையில் நாடகத்தின் பெயரை எழுதினேன்.
சனலையும் நேரத்தையும்.
காரணம்: 'பார்க்கிறேன்.'
நூலகர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்,
ஊசி குத்தி மாட்டினார்.

தேவசகாயம் ஐயா குடையை மடக்காமல்
பலகைக்கு முன் நெடுநேரம் நின்றார்.
தண்ணீர் வழிந்து செருப்பைச் சுற்றித் தேங்கியது.
பிறகு கவுண்டருக்கு வந்து,
என் முகத்தைப் பாராமல்,
முத்திரை மையைப் பார்த்துக் கேட்டார்:
"அந்தச் சாம்பல் அட்டைப் புத்தகம்
இன்னும் இருக்கோ, மிஸ்?"