எக்ஸ்ரே வௌவால்கள்

வௌவாலுக்குக் கறுப்புத் தாள் வேண்டும்.
இரவு பதினொரு மணிக்கு அதை விற்கும் கடை
ஜார்ஜ்டவுனில் எனக்குத் தெரிந்து இல்லை.
ஸ்டோரில் ஒரு பெட்டி பழைய எக்ஸ்ரே படங்கள் கிடந்தன,
கணினிக்கு முந்திய காலத்து மார்புகள்.
பெயர் அச்சடித்த மூலையை முதலில் வெட்டிப் போட்டோம்.
படம் மடிக்க வராது.
அட்டையில் பாதிச் சிறகு வரைந்து,
புரட்டி வைத்து மறுபாதி,
கட்டு வெட்டும் கத்தரியால் ஒரே சுற்று.
விளக்கருகே தூக்கினால்
சிறகுக்குள் யாரோ ஒருவரின் விலா,
நான்காவது, ஐந்தாவது,
அவர் மூச்சை அடக்கி நின்ற
அந்த ஒரு நொடி.

தொங்கவிட, காலாவதியான தையல் நூல்.

இலையுதிர்காலத்துக்கும் வெளியே போகவில்லை.
கார் நிறுத்துமிடத்தில் இரண்டு கெத்தாபாங் மரங்கள்;
எங்கள் பக்கத்தில் சிவந்து உதிரும் பழக்கம்
அவற்றுக்குத்தான் உண்டு,
அதுவும் மாதம் பார்க்காமல்.
கக் ரொஹானா துடைப்பத்தைச் சாத்திவிட்டு
டார்ச் அடித்து, ஓட்டை விழாததாய் முப்பது
பொறுக்கி வந்தாள், மழை சொட்டச் சொட்ட.
மருந்துக் கையேட்டுக்குள் வைத்து
மேலே இரண்டு சலைன் பெட்டி ஏற்றினோம்.
இப்போதும் பாரசிட்டமால் பக்கத்தைத் திறந்தால்
குழந்தைகளுக்கான அளவின் மேல்
ஒரு நரம்பு ஓடும்.

பேய்தான் இருப்பதிலேயே சுலபம்.
பஞ்சு உருண்டை ஒன்று,
அதன் மேல் சதுரமாய்க் காஸ் துணி,
கழுத்தில் ஒரு முடிச்சு,
மார்க்கர் பேனாவால் இரண்டு புள்ளி.
அரை மணியில் பதினாலு.

சியூ லிங் நூல் கோத்தபடியே சொன்னாள்:
ஏழாம் மாதமே சோறு போட்டு, தாள்காசு எரித்து,
கூத்துக்கு முன்வரிசை நாற்காலி விட்டு
மரியாதையாய் அனுப்பி வைத்தோமே,
திரும்பவுமா?
ராத்திரியில் அந்தச் சொல் வேண்டாம்,
"அது" என்று சொல், என்றாள் கக் ரொஹானா.
கூலிமிலிருந்து அம்மா போனில்:
தீபாவளிக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை,
உனக்கு வேற பொழப்பே இல்லையாடி?
மூவர் சொன்னதும் சரிதான்.
கைகள்தான் நிற்கவில்லை.

ஹரிணேஷ் தூங்கவில்லை.
டெங்கி, நாலாம் நாள், தட்டணு நாற்பத்திரண்டாயிரம்.
கம்பிக்கு மேலே முகத்தை வைத்துக் கேட்டான்:
அதுக்கு ஊசி போட்டாச்சா?
இன்னும் பதிவே ஆகலடா.
மணிக்கட்டுப் பட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு
நாக்கைக் கடித்து
எழுத்துக் கூட்டி எழுதினான்:
பெயர் பேய். வயசு தெரியாது.
ஒவ்வாமை வெளிச்சம்.
கை இல்லாததால் கழுத்தில் மாட்டினோம்.

இரண்டு மணி ரவுண்டுக்கு மேட்ரன் குணவதி வந்தார்.
வௌவாலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
இலைகளைத் தாண்டினார்.
ஆஸ்பத்திரியில் பேயா,
யார் யோசனை இது, கழற்று எல்லாத்தையும்
என்று கை நீட்டியவர்
பட்டையைக் கண்டு கண்ணாடியைப் போட்டார்.
படித்தார்.
மறுபடி படித்தார்.
படுக்கை எண் இல்லாமல் எப்படி அட்மிட் செய்தீர்கள்?

வார்டில் பதினொன்றுதான் காலி.
செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து
அந்த விரிப்பு சுருங்கவில்லை.
எந்தத் தாயையும் அதில் உட்கார விடாமல்
நாற்காலி தேடித் தந்துகொண்டிருந்தோம்,
ஏன் என்று யாரும் பேசிக்கொள்ளாமலே.

மேட்ரன் பையிலிருந்து பேனா எடுத்தார்.
இரண்டு கோடு போட்டார், பக்கத்தில் பக்கத்தில்.
கம்பியில் அதைத் தானே கட்டினார்,
முடிச்சு தளர்ந்திருக்கிறதா என்று
இழுத்தும் பார்த்தார்.
பிறகு பன்னிரண்டின் ஜுரத்தைக் கேட்டார்.

ஏழு மணிக்கு என் விரல்களிலிருந்து
பசை தோலாய் உரிந்து வந்தது.
நாற்பத்தெட்டாயிரம், ஹரிணேஷுக்கு.
காலைத் தாதி பட்டியலில் விரலை ஓட்டி
நிறுத்தினாள்:
பதினொன்றுக்கு யார்?

புதுசு, என்றேன்.
வெளிச்சம் ஆகாது.

அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள்.
போய், திரையைப் பாதி இழுத்துவிட்டாள்.